குதிக்கும் மீனும் தொட்டி மூடியும்: கேள்வி பதில்

வீட்டுத் தொட்டியிலிருந்து மீன் வெளியே குதிப்பதைப் பற்றி மீன் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, 2 அடி தொட்டி புதிதாக வைத்து மறுநாளே பத்து டைகர் பார்ப் விட்டேன். ஒரு வாரத்துக்குள் இரண்டு மீன் காலையில் தரையில் கிடந்தன. மூடி வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

மூடியை இன்றைக்கே வாங்கிவிடுங்கள் தம்பி. ஆனால் அதோடு நிறுத்தினால் மீன் வெளியே விழாது, உள்ளேயே வதைபட்டுச் சாகும்.

புதுத் தொட்டியில் மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் வளர்ந்து நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். நீங்கள் அதற்கு ஒரு நாள்தான் கொடுத்திருக்கிறீர்கள். அமோனியா மீனின் செவுளை அரிக்கும். ஆற்றிலோ குளத்திலோ தண்ணீர் கெட்டால் மீன் வேறு பக்கம் போய்விடும். தொட்டியில் நான்கு பக்கமும் கண்ணாடி, திறந்திருப்பது மேல்பக்கம் மட்டும்தான். அதனால் அது குதிக்கிறது.

டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி அமோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். இரண்டும் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். அதுவரை தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் போட்ட பிறகுதான் ஊற்ற வேண்டும். தீனியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் பி.எச். அளவையும் பாருங்கள். பி.எச். ஏற ஏற, வெப்பமும் ஏற ஏற, அதே அளவு அமோனியா இன்னும் கடுமையான விஷமாகும். சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று. டைகர் பார்ப் ஒன்றையொன்று துரத்துகிற மீன். துரத்தப்படுகிற மீனும் மேலே எகிறும். செத்ததற்குப் பதிலாக உடனே புது மீன் வாங்கி விடாதீர்கள். முதலில் தண்ணீர் சரியாகட்டும்.

எந்தெந்த மீன் குதிக்கும்? ஒரு பட்டியல் கொடுங்களேன், வாங்கும்போது பார்த்து வாங்கலாம்.

பட்டியலைவிட மீனின் உடம்பைப் பார்க்கப் பழகுங்கள். முதுகு நேராக, வாய் மேல்நோக்கி இருந்தால் அது நீர்ப்பரப்பில் பூச்சி பிடிக்கிற மீன். அரோவானா, ஹேட்செட், பட்டர்ஃபிளை மீன், நம் ஊர் வாய்க்கால்களில் இருக்கும் பேன்சாக்ஸ் எல்லாம் இந்த வகை. ஹேட்செட் மீனுக்கு மார்பு புடைத்திருப்பது அழகுக்காக இல்லை, அது முழுக்கத் துடுப்பை அடிக்கிற தசை. திறந்த தொட்டியில் அதை வைக்கவே கூடாது.

அடுத்தது வேகமாக நீந்துகிற கூட்ட மீன்கள். சீப்ரா டேனியோவும், மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலிருந்து வருகிற மிஸ் கேரளாவும் நல்ல உதாரணம். பாம்பு போல நீண்ட உடம்புள்ள ஆரல், லோச், ரோப் ஃபிஷ் ஆகியவை குதிப்பதைவிட நழுவி ஏறிப் போகும். காற்றைச் சுவாசிக்கிற ஃபைட்டர், கௌராமி, குரவை, விரால், பனையேறி தனி வகை, அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், கோரிடோரஸ் அரிதாகத்தான் குதிக்கும். அவை குதித்தால் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு உடனே சோதியுங்கள்.

கப்பி கூடக் குதிக்கிறது சார். அமோனியா பூஜ்ஜியம், தொட்டி ஒரு வருடப் பழையது, துரத்துகிற மீனும் கிடையாது. அப்புறம் ஏன்?

இதற்கு நல்ல ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டாஃப்னி சோரஸ் என்ற ஆராய்ச்சியாளரின் தேநீரில் ஆய்வகத் தொட்டியிலிருந்து ஒரு கப்பி வந்து விழுந்தது. நல்லவேளையாக அது ஐஸ் தேநீர். அதற்குப் பிறகு அவரும் ஹிலரி பியர்மனும் கப்பிகள் குதிப்பதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2013இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மீனை யாரும் பயமுறுத்தவில்லை, இரை காட்டவுமில்லை. தானாகவே குதித்தது. அதுவும் திடீரென்று இல்லை. முதலில் மார்புத் துடுப்பை அசைத்து மெதுவாகப் பின்னால் நகர்ந்து, பிறகு வேகமெடுத்து எகிறியது. புது இடம் தேடிப் பரவுகிற இயல்பாக இது இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. டிரினிடாட் தீவின் மலை ஓடைகளில், அருவிகளாலும் பாறைகளாலும் பிரிந்த குட்டைகளில் வாழும் மீனுக்கு அது பயன்படக்கூடிய இயல்புதான்.

அதனால் உங்கள் தொட்டியில் குறையே இல்லாமல் இருக்கலாம். நலமாக இருக்கும் மீனும் குதிக்கும் என்பதால்தான் எல்லாத் தொட்டிக்கும் மூடி வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து: என் சில்வர் அரோவானா 2 அடியைத் தாண்டிவிட்டது. தொட்டி 5 அடிக்கு 2 அடி. கண்ணாடி மூடியை இரண்டு முறை நகர்த்திவிட்டது. செங்கல் வைக்கலாமா?

செங்கல் வேண்டாம். சரிந்தால் தொட்டியே உடையும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு 2.5 கிலோ இருக்கும். உங்கள் தொட்டியை முழுக்க மூட 5 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் ஏறக்குறைய பதினொன்றரை கிலோ. இரண்டு துண்டாக வெட்டியிருந்தால் துண்டுக்கு ஐந்தே முக்கால் கிலோதான். அந்த அளவு அரோவானா அதை ஒரே மோதலில் தூக்கிவிடும். எடையை நம்பாமல் பூட்டை நம்புங்கள். தொட்டி விளிம்பில் மாட்டுகிற கிளிப், அல்லது மூடிக்கு மேல் குறுக்கே ஒரு அலுமினியச் சட்டம், இரண்டில் ஒன்றைப் போட்டு நான்கு மூலையிலும் இறுக்குங்கள். கண்ணாடிக் கடையில் வெட்டும்போதே விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், கையும் மீனும் கிழிபடாமல் இருக்கும்.

அமேசான் வெள்ளக்காடுகளில் இந்த மீன் தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கும் கிளைகளிலிருந்து வண்டும் சிலந்தியும் பிடித்துத் தின்னும். உங்கள் வீட்டில் மூடியின் மேல் ஒரு பல்லி ஓடினாலே போதும். மழை விட்ட ராத்திரி ஈசல் வந்து தொட்டி விளக்கை மொய்த்தாலும் அதேதான். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், ஈசல் வரும் நாளில் தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள். சுவரோடு ஒட்டி நிற்கிற தொட்டி என்றால் ஒரு சாண் முன்னால் இழுத்து வையுங்கள், பல்லி இறங்குவது குறையும். கையை உயர்த்தி, எகிறிப் பிடிக்க வைத்துத் தீனி போடுகிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது மீனுக்கு நாமே கொடுக்கிற குதிக்கும் பயிற்சி.

மூடி போட்டால் மீனுக்குக் காற்று போகாது என்கிறார்களே?

போகும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளியும், வயர் போகிற சந்தும் இருந்தால் போதும். ஆக்சிஜன் கரைவது நீர்ப்பரப்பில்தான், அந்தப் பரப்பு அசைய வேண்டும். ஏர் பம்போ ஃபில்டரோ அதைப் பார்த்துக்கொள்ளும். கரண்ட் போகும்போதுதான் உண்மையான ஆபத்து. பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியில் நீர் வியர்த்துச் சொட்டும். அதனால் வயர் ஒவ்வொன்றும் பிளக்கை விடத் தாழ்வாக வளைந்து, பிறகு மேலேறி பிளக்குக்குப் போகும்படி விடுங்கள். வயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்த வளைவிலேயே கீழே சொட்டிவிடும்.

மூடிக்குச் செலவு குறைவாக வழி உண்டா? கண்ணாடி, அக்ரிலிக், வலை, எது நல்லது?

அக்ரிலிக் வேண்டாம். அடிப்பக்கம் ஈரமும் மேல்பக்கம் காய்ச்சலுமாக இருப்பதால் சில மாதத்தில் வளைந்து ஓரத்தில் வாய் பிளக்கும். சின்ன மீன்களுக்கு, கதவுச் சட்டம் போல அலுமினியத்தில் ஒரு சட்டம் அடித்துக் கொசுவலையை இழுத்துக் கட்டினால் போதும், செலவும் குறைவு. விளக்குக்கு அடியில் போடுகிற கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டைச் சிலர் வைக்கிறார்கள். அதன் ஓட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல், டேனியோ அதில் புகுந்து போய்விடும். தண்ணீர் மட்டத்தை விளிம்பிலிருந்து நான்கைந்து விரல் குறைப்பதும், மேலே மிதக்கும் செடி விடுவதும் உதவும். ஆனால் அவை மூடிக்குத் துணைதான்.

மதுரையிலிருந்து: குளி லோச் ஆறு விட்டேன், நான்குதான் இருக்கிறது. கண்ணாடி மூடி சரியாகத்தான் இருக்கிறது. தரையிலும் இல்லை.

ஃபில்டரைத் திறந்து பாருங்கள், பிறகு மணலைக் கிளறிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். குளி லோச் உங்கள் ஊர் அயிரையின் உறவு, இரண்டும் ஒரே குடும்பம். அயிரை மணலில் புதைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால் மூடியில் பைப் போகிற வெட்டைப் பாருங்கள். மீனின் தலை நுழைகிற சந்து என்றால் மீனும் நுழையும். இந்த மாதிரி மீன் ஃபில்டர் பைப்பை ஒட்டியே மேலேறும். பைப்பைச் சுற்றி ஸ்பான்ஞ்சை வெட்டிச் செருகுங்கள். தொட்டிக்குப் பின்னாலும் ஸ்டாண்டுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். எறும்பு வரிசை போகிற இடத்தில் முதலில்.

ஃபைட்டர் மீன் கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கிறது. மூடினால் செத்துவிடும் என்று கடையில் சொன்னார்கள்.

காற்றுப் புகாமல் இறுக்கி மூடினால்தான் ஆபத்து. ஃபைட்டர் மேலே வந்து வாயால் காற்று எடுக்கும், அதற்கு நீர்ப்பரப்புக்கும் மூடிக்கும் நடுவே நான்கைந்து சென்டிமீட்டர் விடுங்கள், கொசுவலை கட்டுங்கள். கிண்ணத்தையும் மாற்றிவிடுங்கள். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இரண்டே நாளில் கெடும், குதிக்கக் காரணமும் அதுவே.

மயிலாடுதுறையிலிருந்து: வாய்க்காலில் பிடித்த பனையேறியும் குரவையும் வளர்க்கிறோம் ஐயா. மழை பெய்தால் ராத்திரியெல்லாம் முட்டுகின்றன.

மழை பெய்தால் இடம்பெயர்வது அவற்றின் பிறவிக் குணம். புதுத் தண்ணீர் ஓடிவரும் பக்கம் எதிர்த்து ஏறி, வயலுக்கும் குட்டைக்கும் போய்ச் சேரும். பனையேறி செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையிலேயே நகரும். உங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் லெப்டினன்ட் டால்டார்ஃப் என்பவர் இந்த மீன் பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னியன் சங்கம் அதை 1797இல் அச்சிட்டது. மரம் ஏறுமா என்பதில் பிற்காலத்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். தரையில் போவதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இவற்றுக்கு வலை மட்டும் போதாது, பூட்டுகிற மூடி வேண்டும். காற்றுக்கு இடைவெளி கட்டாயம், மேலே வந்து மூச்சு எடுக்க முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். மழைநாளில் தண்ணீர் மாற்றாதீர்கள். மேலிருந்து விழும் தண்ணீரை நோக்கி எகிறும்.

தரையில் மீன் கிடக்கிறது, காய்ந்த மாதிரி இருக்கிறது. பிழைக்குமா?

தூக்கிப் போடும் முன் செவுளைப் பாருங்கள். துடுப்பு ஒட்டிப்போய், உடம்பில் தூசி படிந்து கிடந்தாலும் உயிர் இருக்கலாம், அதுவும் காற்றைச் சுவாசிக்கிற மீன் என்றால் நிச்சயம் முயற்சி செய்ய வேண்டும். கையை நனைத்துக்கொண்டு எடுங்கள், துணி வேண்டாம். தூசியைத் தேய்க்காதீர்கள், மீன் மேலிருக்கும் வழவழப்புதான் அதற்குக் கவசம். அதே தொட்டித் தண்ணீரை ஒரு டப்பில் எடுத்து, ஏர் ஸ்டோன் போட்டு, மீனை அதில் விடுங்கள். அசையவில்லை என்றால் தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி மெல்லப் பிடித்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது, பின்னால் இழுக்கும்போது செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும்.

மூச்சு வந்துவிட்டால் 10 லிட்டருக்கு 10 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றி, டப்பை மூடி, இருட்டில் விட்டுவிடுங்கள். ஒரு நாள் தீனி வேண்டாம். அடுத்த சில நாள் உடம்பில் பஞ்சு போல வெள்ளையாக ஏதாவது வருகிறதா என்று பாருங்கள், காயத்தில் பூஞ்சை பிடிப்பது அப்போதுதான். தேறும்வரை மற்ற மீன்களோடு விடாதீர்கள், பலவீனமான மீனைக் கொத்தும்.

கடல்மீன் தொட்டிக்கும் இதே கண்ணாடி மூடிதானா?

அங்கே வலைதான் நல்லது. கண்ணாடி போட்டால் சூடு தேங்கும், நம் வெயிலுக்குப் பவளம் தாங்காது. 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள, ஒளி புகுகிற வலை போடுங்கள். ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் சேருங்கள், உப்புத் தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஃபயர்ஃபிஷ், ராஸ், கோபி மூன்றும் தவறாமல் குதிக்கும். பாறைக் குட்டைகளில் வாழும் ஒரு கோபியை லெஸ்டர் ஆரன்சன் ஆராய்ந்து 1951இல் எழுதினார். கடல் ஏறியிருக்கும்போது நீந்தியே குட்டைகள் இருக்குமிடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, கடல் வற்றியதும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக் குட்டைக்குச் சரியாகக் குதிக்குமாம். அந்த இனத்து மீனுக்குத் தொட்டியின் விளிம்பு தடையே இல்லை.

மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி. ஐப்பசி மழையில் நிரம்பி வழிந்து மீன் போய்விடுகிறது.

விளிம்புக்கு ஒரு சாண் கீழே ஓட்டை போட்டு பைப் வையுங்கள், பைப் வாயில் வலை கட்டுங்கள். இலை அடைக்கும், மழை தொடங்கும் முன் ஒரு முறையாவது பாருங்கள். மேலே வலை விரித்தால் காக்கையும் மீன்கொத்தியும் கூட வராது.

விளக்கை அணைத்த உடனே ஒரு துள்ளல் சத்தம் கேட்கிறது. தினமும்.

பளீரென்ற வெளிச்சம் சட்டென்று போனால் மீன் அரண்டுவிடும், காலையில் சட்டென்று போட்டாலும் அப்படியே. ராத்திரி, அறை விளக்கு எரியும்போதே தொட்டி விளக்கை அணையுங்கள், அரை மணி நேரம் கழித்து அறை விளக்கை அணையுங்கள். காலையில் ஜன்னல் வெளிச்சம் வந்த பிறகு தொட்டி விளக்கைப் போடுங்கள். டைமர் பிளக் ஒன்று மாட்டிவிட்டால் நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் நேரம் மாறாது.