வெள்ளத் தடுப்பு அணைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வெள்ளத் தடுப்பு அணை ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கிறது. இது வீண் செலவு அல்லவா?

பதில்: இல்லை. பாசன அணைக்கு நீர்தான் இருப்பு; வெள்ளத் தடுப்பு அணைக்குக் காலியான கொள்ளளவுதான் இருப்பு. சில மணி நேரத்தில் திரண்டு வரும் வெள்ளத்தை வாங்கி வைத்து, கீழேயுள்ள ஓடை தாங்கும் அளவில் ஓரிரு நாள்களில் வடியவிடுவதே அதன் பணி.

கேள்வி: எங்கள் அணை பாதுகாப்பானதா?

பதில்: உயரம் என்ன, மண்ணணையா கான்கிரீட் அணையா, கலிங்கின் (மிகுநீர் வழிந்து வெளியேறும் வழியின்) அகலம் எவ்வளவு, கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது என்று எதையும் குறிப்பிடாமல் ஒற்றை வரியில் கேட்டால் எவராலும் பதில் சொல்ல இயலாது. இவ்விவரங்களைத் திரட்டிக்கொண்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: இவ்வளவு சிறிய அணை உடைந்தால் என்ன பெரிய சேதம் வந்துவிடும்?

பதில்: 1977இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா நகருக்கு அருகே, ஏறத்தாழ 12 மீட்டர் உயரமே இருந்த மண்ணணை நள்ளிரவில் உடைந்து 39 பேர் உயிரிழந்தனர். அணையின் உயரத்தைவிட, அதன் கீழே யார் உறங்குகிறார்கள் என்பதே முக்கியம்.

கேள்வி: கரையின் கீழ்ப்புற அடியில் நீர் கசிகிறது. அஞ்ச வேண்டுமா?

பதில்: மண்ணணையில் சிறிதளவு கசிவு இயல்பே. கசிவு தெளிவாக இருந்து, நீர்மட்டத்தோடு சேர்ந்து மட்டுமே கூடிக் குறைந்தால், அளவைக் குறித்து வைத்துக் கவனித்து வாருங்கள். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணும் நீரோடு வெளியேறுகிறது என்று பொருள். மறுநாள் வரை காத்திராமல் உடனே பொறுப்பு அலுவலரிடம் தெரிவியுங்கள். 1976இல் அமெரிக்காவின் டீட்டன் அணையில் காலையில் தென்பட்ட கலங்கல் கசிவு, நண்பகலுக்குள் அணையையே உடைத்துவிட்டது.

கேள்வி: கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி இரண்டடி நீரைக் கூடுதலாகத் தேக்கினால் கோடைக்கு உதவுமே?

பதில்: கூடாது. பலகை, மூட்டை, மீன் தப்பாமலிருக்க வலை என்று ஏதேனும் ஒரு வடிவில் இக்கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். கலிங்கின் மேல் நாலடி ஆழத்துக்கு வெள்ளம் ஓட இடம் இருப்பதாகக் கொள்ளுங்கள். அதில் இரண்டடியை அடைத்தால் வெளியேற்றும் திறன் பாதியாகும் என்று நினைப்பீர்கள்; உண்மையில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது, ஏனெனில் ஆழம் குறையும்போது நீரின் வேகமும் சேர்ந்து குறைகிறது. வெளியேற வழியில்லாத வெள்ளம் கரையின் மேலேறி வழியும். மண்கரை அதைத் தாங்காது, பின்சரிவு அரிக்கப்பட்டுச் சில மணி நேரத்தில் உடைப்பெடுக்கும். 1889இல் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில் கரையின் உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள், அடிமதகுக் குழாய்களை அகற்றியிருந்தார்கள், மீனுக்காகக் கலிங்கில் வலைத்தடுப்பும் வைத்திருந்தார்கள். பெருமழையில் அடித்துவந்த குப்பை அந்தத் தடுப்பில் அடைத்துக்கொண்டது. கரை மேல் நீர் வழிந்து அணை உடைந்ததில் 2,200 பேருக்கு மேல் மாண்டனர். கோடை நீர் தேவையென்றால் அதற்குத் தனிக் குளம் வெட்டுங்கள். கலிங்கைத் தொடாதீர்கள்.

கேள்வி: சென்ற ஆண்டே நூற்றாண்டு வெள்ளம் வந்துவிட்டது. இனிக் கவலையில்லை அல்லவா?

பதில்: அந்த அளவு வெள்ளத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, சென்ற ஆண்டு வந்ததால் இவ்வாண்டின் வாய்ப்பு குறைவதில்லை. 30 ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

கேள்வி: மண் அரிக்காமலிருக்கக் கரையில் மரம் நடலாமா?

பதில்: புல் மட்டும் போதும். மரம் சாய்ந்தால் வேரோடு கரை மண்ணும் பெயரும். பட்டுப்போன வேர் விட்டுச்சென்ற துளை கசிவுக்கு வழியாகும். ஏற்கெனவே பெரிதாக வளர்ந்த மரத்தை நீங்களே பிடுங்க முற்படாதீர்கள். வேர்க்குழியை முறையாக நிரப்பி இறுக்கத் தெரிந்த பொறியாளரை அழையுங்கள். கலிங்கின் வழியிலோ புதர்கூட வளரவிடக் கூடாது.