ஊக்கத்தொகையை நம்பித் தவணை கட்டும் மூட்டு அறுவை நிபுணருக்கு

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் சம்பளத்துக்குப் பணிபுரியும் மூட்டு மாற்று அறுவை நிபுணர் நான். ஆண்டுக்கு 7,000 பணி அலகுகளை (ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருத்துவரின் உழைப்பை அளக்கும் புள்ளிகள்) தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் 60 டாலர் ஊக்கத்தொகை உண்டு. நான் 9,000 அலகுகள் செய்கிறேன். இரண்டாவது வீட்டின் தவணையான மாதம் 6,000 டாலரை அதிலிருந்துதான் கட்டுகிறேன். 2026 முதல் அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தரும் முறை மாறியிருப்பது கவலையாக இருக்கிறது. பகல்நேர அறுவை மையம் ஒன்றில் பங்குதாரராக இருக்கும் என் மைத்துனர், 4,00,000 டாலர் கடன் வாங்கி அதில் சேரச் சொல்கிறார். கடனுக்குத் தாமே ஜாமீன் நிற்பதாகவும் சொல்கிறார். சேரலாமா?

பதில்: மெடிகேரைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள், ஊக்கத்தொகையைச் சம்பளமாக எண்ணிக் கடன் வாங்கும் உங்கள் பழக்கத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. 2,000 கூடுதல் அலகுகளுக்கு 1,20,000 டாலர் வருகிறது. வரி 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 72,000. உங்கள் ஆண்டுத் தவணையும் அதே 72,000தான். ஆக, நல்ல ஆண்டிலேயே மிச்சம் ஒன்றுமில்லை.

2026 கட்டணப் பட்டியலில், அறுவை போன்ற, நேரத்தை அடிப்படையாகக் கொள்ளாத சிகிச்சைகளின் பணி அலகுகளை மெடிகேர் 2.5 சதவீதம் குறைத்திருக்கிறது. கேட்கச் சிறிதாகத் தோன்றும். உங்கள் 9,000 அலகுகளில் 8,000 அறுவைகளிலிருந்து வருபவை என்றால் 200 அலகுகள் போகும். ஆனால் 7,000 என்ற வாசல் அசையாமல் நிற்பதால், அந்த 12,000 டாலர் முழுவதும் ஊக்கத்தொகையிலிருந்தே கழிகிறது. அதாவது, 2.5 சதவீத வெட்டு உங்கள் ஊக்கத்தொகையில் 10 சதவீத வெட்டாகிறது. முழங்கால் மாற்று அறுவையின் பணி அலகு 2021இலும் 20.72இலிருந்து 19.60ஆகக் குறைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

2026 ஜனவரியில் தொடங்கிய மெடிகேரின் ‘டீம்’ திட்டம் வேறு வகை. தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகளின் மருத்துவமனைகளுக்குக் கட்டாயமான இத்திட்டத்தில், இடுப்பு, முழங்கால் மாற்று உள்ளிட்ட ஐந்து வகை அறுவைகளுக்கு, நோயாளி வீடு திரும்பிய 30 நாள் வரையிலான செலவை ஓர் இலக்கு விலையோடு ஒப்பிட்டுக் கணக்குத் தீர்க்கிறார்கள். உங்கள் கட்டணம் முன்போலவே வரும், பொறுப்பு மருத்துவமனையுடையது. எனினும் லாப நட்டத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டக்கூடும். நட்டத்தில் உங்கள் பங்குக்கு உச்சவரம்பு எழுதப்படாத எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

இனி மைத்துனர். நான்கு லட்சத்துக்கு 8 சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 6,200 டாலர், ஆண்டுக்கு 75,000. அதைக் கட்ட உங்களிடம் பணமில்லை என்பதை மேலே பார்த்தோம். மருத்துவர்களிடையே இன்று அறுவை மையப் பங்கு ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. ஓட்டத்தில் இருக்கும் நல்ல மையம் லாபம் தருவதும் உண்மைதான். ஆனால் ஜாமீன் பேச்சுதான் எனக்கு உறுத்துகிறது. பங்கு வாங்கும் மருத்துவரின் கடனுக்கு மையமோ மற்றொரு முதலீட்டாளரோ ஜாமீன் நின்றால், நோயாளிகளை அனுப்புவதற்குப் பலன் பெறுவதைத் தடுக்கும் கையூட்டுத் தடைச் சட்டம் அறுவை மையங்களுக்கு அளிக்கும் பாதுகாப்பு அந்த முதலீட்டுக்குக் கிடைக்காது. பாசத்தில் சொல்லியிருப்பார், ஆனாலும் உங்கள் உரிமத்தைப் பணயம் வைக்கும் பாசம் அது. தவிர, வெளி மையத்தில் பங்கு வைத்துக்கொள்ள உங்கள் பணி ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பார்த்தீர்களா?

மைத்துனருக்கு இப்போது இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒப்பந்தப் புதுப்பிப்பின்போது, அலகுகள் எந்த ஆண்டின் பட்டியல்படி எண்ணப்படும் என்பதை எழுத்தில் கேளுங்கள். பழைய பட்டியலுக்கு இணங்காவிட்டால் 7,000 என்ற வாசலையாவது 6,800ஆகத் தாழ்த்தச் சொல்லுங்கள். இரண்டாவது வீட்டின் தவணை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்காது என்றால், அந்த வீட்டை இந்த ஆண்டே விற்பனைக்கு வையுங்கள்.