துகள் கலந்த டைட்டானியம் ஏன் சட்டென்று முறிகிறது?

கேள்வி: டைட்டானியத் தூளோடு டைட்டானியம் கார்பைடு (டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த கடினமான சேர்மம்) துகள்களைக் கலந்து, லேசரால் உருக்கி அடுக்கடுக்காகப் படியவைத்தால் உலோகம் வலுப்பெறும் என்று படித்தேன். ஆனால் ஆய்வகத்தில் அப்படி ஒரு மாதிரியை இழுத்துப் பார்த்தபோது, அது நீளாமலேயே உடைந்துவிட்டது. துகள்கள் உலோகத்தோடு ஒட்டாததுதான் காரணமா?
– பொறியியல் மாணவி, கோவை

பதில்: நியாயமான ஐயம்தான், ஆனால் இந்தக் கலவையில் பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறானது. கடலை மிட்டாயை உடைத்துப் பாருங்கள். பாகு சரியாகப் பிடிக்காத கடலை முழுதாகக் கழன்று ஒரு துண்டில் நிற்க, மறு துண்டில் அதன் குழி மட்டும் இருக்கும். பாகு இறுகப் பிடித்த கடலையோ இரண்டாகப் பிளந்து இரு துண்டுகளிலும் தெரியும். உங்கள் மாதிரியின் இரு முறிவு முகங்களையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, ஒரே இடத்தை இரண்டிலும் தேடுங்கள். தட்டையான, வழவழப்பான பரப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தினால், ஒட்டு கடைசிவரை பிடித்தே இருந்தது, பிளந்தது துகள்தான் என்று அறியலாம்.

ஒட்டு அவ்வளவு உறுதியாக அமைவதற்குக் காரணம் உண்டு. டைட்டானியம் 1668 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் கார்பைடு உருக 3000 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஆயினும், சர்க்கரை உருகாமலேயே தண்ணீரில் கரைவதைப் போல, கார்பைடுத் துகளின் விளிம்பு உருகிய டைட்டானியத்தில் கரைகிறது. திடமான டைட்டானியம் மிகக் குறைந்த கார்பனையே தன்னுள் வைத்துக்கொள்ளும் என்பதால், குளிரும்போது மிச்சமான கார்பன் மிக நுண்ணிய கார்பைடாக மீண்டும் வெளிப்படுகிறது. கரையாமல் எஞ்சிய பெருந்துகள், மீண்டும் பிறந்த சிறுதுகள் என இருவகைத் துகள்கள் ஒரே பாகத்தில் இருப்பது இதனால்தான்.

இனி சுமையைப் பாருங்கள். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த வழக்கமான டைட்டானியக் கலவையின் விறைப்பு, அதாவது சுமைக்கு வளைந்து நீளாமல் எதிர்க்கும் தன்மை, சுமார் 114 கிகாபாஸ்கல். கார்பைடுக்கோ அது 400-ஐத் தாண்டும். இறுகப் பிடித்திருக்கும் உலோகம் தன் சுமையில் பெரும்பங்கை விறைப்பான துகளின்மேல் ஏற்றுகிறது. பாகம் விறைப்பாவதும் துகள் பிளப்பதும் இந்த ஒரே காரணத்தால்தான். உலோகம் நீண்டு கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும், கார்பைடால் அது முடியாது. கண்ணாடி இழை தடிக்கத் தடிக்க வலிமை குறைவதை 1920-இல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் காட்டி, உள்ளிருக்கும் நுண்விரிசல்களே முறிவைத் தொடங்குகின்றன என்று விளக்கினார். கார்பைடுக்கும் அது பொருந்தும்: துகள் பெரிதாக இருந்தால் அதனுள் ஒரு விரிசல் ஒளிந்திருக்கும் வாய்ப்பும் பெரிது. முதலில் பெருந்துகள்கள் பிளந்து வெற்றிடமாகின்றன. துகள்கள் கும்பலாகச் சேர்ந்திருக்கும் இடத்தில் அந்த வெற்றிடங்கள், நடுவிலுள்ள மெல்லிய உலோகத்தைக் கிழித்து ஒன்றாகின்றன. வேகமாகக் குளிர்ந்து ஊசி ஊசியாக இறுகிய டைட்டானியம் விரிசலின் முனையை மழுக்கும் அளவுக்கு இளகிக் கொடுப்பதும் இல்லை. ஆகவே ஒட்டை மேலும் பலப்படுத்த முயல்வதைவிட, துகளைச் சிறிதாக்கிச் சீராகப் பரப்புவதே உங்களுக்குப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இந்தப் படிவு வேலையை ஆர்கான் நிரப்பிய அறையில் ஏன் செய்கிறார்கள்?
– பற்றவைப்புத் தொழிலாளர், ஓசூர்

பதில்: நீங்கள் டைட்டானியத்தைப் பற்றவைத்திருந்தால், வாயுக்காப்பு தவறிய இடம் நீலமாக மாறுவதைக் கண்டிருப்பீர்கள். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைகிறது. ஆர்கான் எதனோடும் வினைபுரியாத வாயு என்பதால், அறையில் அதை நிரப்பிக் காற்றை விலக்குகிறார்கள். துகள்களால் ஏற்கெனவே நீளும் தன்மையை இழந்த பொருளுக்கு அதைத் தாங்க முடியாது.

கேள்வி: இவ்வளவு எளிதில் முறியும் பொருளால் என்ன பயன்?
– ஆசிரியர், திருச்சி

பதில்: இழுக்கும்போது திறந்துகொள்ளும் விரிசல் அழுத்தும்போது மூடிக்கொள்ளும், எனவே அழுத்தமும் உராய்வும் தாங்கும் பரப்புகளுக்கு இது மிகவும் ஏற்றது. முறை வேறானாலும் பயன்பாட்டுக்கு வந்த சான்றும் இருக்கிறது: 1998-இல் வெளிவந்த டொயோட்டா ஆல்டெஸ்ஸா காரின் எஞ்சின் வால்வுகள், டைட்டானியம் போரைடு (டைட்டானியமும் போரானும் சேர்ந்த சேர்மம்) கலந்த டைட்டானியத்தைத் தூளாக அழுத்திச் சுட்டுச் செய்யப்பட்டவை. லேசர் முறைக்கு அதற்கும் மேலான ஒரு வசதி உண்டு. உலோகத்துக்கு ஒன்று, கார்பைடுக்கு ஒன்று என இரு தூள் கலன்களை வைத்து, அடுக்குக்கு அடுக்கு கார்பைடின் பங்கை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போகலாம். அப்போது இழுவிசை தாங்கும் உள்பகுதி வெறும் டைட்டானியமாகவும், தேய்மானம் தாங்கும் மேற்பரப்பு மட்டும் துகள் செறிந்ததாகவும் அமையும்.