அளக்கிற நேரத்தை மாற்றுங்கள்

கேள்வி: திருப்பூரில் வீட்டுக்குப் பின்னால் 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் சிமென்ட் தொட்டி கட்டி 15 கோய் மீன் விட்டிருக்கிறேன். தினமும் சாயங்காலம் சோதிக்கிறேன்: டி.டி.எஸ். 600, பி.எச். (அமில-கார அளவு) 9. தண்ணீர் பச்சையாக இருக்கிறது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. போன வாரம் பெரிய மீன் இரண்டு செத்துவிட்டன. இன்னும் என்ன சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த டி.டி.எஸ். மீட்டரை ஓரமாக எடுத்து வையுங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். மீன் கழிவிலிருந்து வந்து மீனையே கொல்கிற அம்மோனியாவும் ஆக்சிஜன் குறைவும் அதில் தெரியாது. 600 என்பது கோய்க்குப் பிரச்சினையே இல்லை.

நீங்கள் எழுதியதில் எனக்குத் துப்பு கொடுத்தது 'காலையில்', 'பெரிய மீன்' என்ற இரண்டு விஷயம்தான். ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் போகும். தண்ணீரைப் பச்சையாக்குகிற பாசி பகலில் ஆக்சிஜனை விடும், ராத்திரி முழுக்க மீனோடு போட்டி போட்டுக்கொண்டு அதையே இழுக்கும், அதனால் விடிவதற்குச் சற்று முன்னால்தான் நிலைமை படுமோசம். சாயங்காலம் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். உங்கள் பி.எச். 9 வரை ஏறி நிற்பதற்கும் அதே பாசி காரணமாக இருக்கலாம், பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறதே. காலை 6 மணிக்கு ஒரு தடவை, மதியம் 3 மணிக்கு ஒரு தடவை பி.எச். பாருங்கள். காலையில் 8 அல்லது அதற்கும் கீழே வந்தால் பாசியின் வேலைதான். ரெண்டு வேளையும் 9-ஐ விட்டு இறங்கவே இல்லையென்றால் புதுத் தொட்டியின் சுண்ணாம்பு கசிகிறதோ என்று சந்தேகப்படுங்கள். மீன் விடுமுன் வாழைத்தண்டு வெட்டிப் போட்டு, சில வாரம் ஊறவைத்து, இறைத்து இறைத்து நிரப்பினீர்களா?

ஆக்சிஜன் மீட்டர் விலை அதிகம், சொட்டு கிட் (தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்க்கிற சோதனைப் பெட்டி) போதும். விடியற்காலையில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. ஆனால் மீன் வாயைப் பிளக்கிறது என்றால் கிட் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்று ராத்திரியே ஏர் பம்ப் போட்டு விடிய விடிய ஓட விடுங்கள்.

அப்புறம் அம்மோனியா. தண்ணீரில் நனைத்துப் பார்க்கிற ஸ்ட்ரிப் வேண்டாம், குப்பியோடு வருகிற சொட்டு கிட்டாக வாங்குங்கள், காலாவதி தேதியைப் பார்த்து. குப்பியை நேராகத் தலைகீழாகப் பிடித்துச் சொட்டு விடுங்கள், சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். சொன்ன நிமிடம் காத்திருந்து, டியூப்லைட்டில் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத்தை வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். பெரும்பாலான கிட்டில் மஞ்சள் என்றால் தப்பித்தீர்கள், பச்சை என்றால் அம்மோனியா. அந்த எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள், பி.எச்.சோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நம்மூர் வெயிலில் பி.எச். 7 இருக்கும்போது அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது, 9-ஐத் தொட்டால் ஏறக்குறைய 40 பங்கு! அதனால் கிட்டில் 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) வந்தாலே உங்களுக்கு அவசரம்தான். அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்குகிற இன்னொரு நச்சான நைட்ரைட்டையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

உங்கள் தொட்டி சுமார் 5,000 லிட்டர். ஒரேயடியாக இறைக்காமல் 1,000 லிட்டர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் முறிக்கிற மருந்து போட்டு விடுங்கள். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, உயரத்திலிருந்து ஷவர் மாதிரி விழ விடுங்கள்.

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். ஒருமுறை நான் பளிச்சென்று கழுவி வைத்தேன், அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா குளோரினில் செத்து, நாலே நாளில் கிட் கரும்பச்சை காட்டியது. தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு அதிலேயே அலசுங்கள். அம்மோனியா இறங்கும்வரை தீனியையும் நிறுத்துங்கள், ஒரு வாரப் பட்டினியில் கோய்க்கு ஒன்றும் ஆகாது.