குபர்னெட்டிஸ் பாட் பெண்டிங்கிலேயே நிற்கிறதா? ஸோனைப் பாருங்கள்

வணக்கம் சகோ. சுங்கை சிப்புட் தோட்டத்தின் செம்பனைக் குலை எடைக் கணக்கு இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள பாட் (குபர்னெட்டிஸில் செயலி ஓடும் பெட்டி), நோடை (அது ஓடும் கணினியை) மாற்றியதிலிருந்து பெண்டிங்கிலேயே (தொடங்காமல் காத்தே) நிற்கிறது, பிவிசியை (டிஸ்க் கேட்கும் கோரிக்கையை) அழித்துப் புதிதாகப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். ரிக்ளெய்ம் பாலிசி, அதாவது பிவிசி போனபின் டிஸ்க்கை என்ன செய்வது என்ற விதி, டெலீட் என்று இருந்தால் டிஸ்க்கும் சேர்ந்தே போய்விடும். அந்த எடையை வைத்துத்தான் வெட்டுக்காரர்களின் சம்பளக் கணக்கு. முதலில் பிவியில் (குபர்னெட்டிஸில் அந்த டிஸ்க்கின் பதிவில்) அந்தப் பாலிசியை ரிட்டெய்ன் (வைத்திரு) என்று மாற்றுங்கள்.

நீங்கள் ஒட்டிய 'வால்யூம் நோட் அஃபினிட்டி கான்ஃப்ளிக்ட்' (டிஸ்க்கும் நோடும் ஒத்துப்போகவில்லை) என்ற வரியே காரணத்தைச் சொல்கிறது. அமேசானின் இபிஎஸ் போன்ற டிஸ்க் எந்த ஸோனில் (தரவு மையப் பகுதியில்) உருவானதோ அங்கேதான் இருக்கும். பக்கத்து ஸோன் நோடில் மாட்டாது. பழைய ஸோனில் போதிய இடமுள்ள நோட் ஒன்றைச் சேருங்கள், பாட் எழுந்துவிடும். அப்புறம் நிதானமாக, இனி உருவாக்கும் டிஸ்க்குகளுக்கு 'வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' (பாட் எந்த நோடுக்குப் போகிறதென்று தெரிந்தபின் டிஸ்க்கை உருவாக்கும் முறை) வைத்து வேறு ஸ்டோரேஜ் கிளாஸ் (டிஸ்க் உருவாக்கும் அமைப்பு) போடுங்கள்; பழையதில் அதைத் திருத்த முடியாது.