பாட்டியின் குரலில் பேசும் ரோபோ: கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோட்டிக்ஸ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பழங்குடி மொழிகளைக் காக்க ரோபோ செய்யும் முயற்சிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். அது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

போனில் ஒரு ஆப் போட்டால் போதாதா? ரோபோ எதற்கு? (சேலம், மென்பொருள் ஊழியர்)

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், ரோப்பர் ஆற்றங்கரையில் ஙுக்குர் என்றொரு ஊர். மர்ரா, அலவா, ஙண்டி, ரெம்பர்ரங்கா என்று பல மொழிக்காரர்கள் கலந்து வாழும் இடம். இன்று பிள்ளைகள் வாயில் இருப்பது ஆங்கிலம் கலந்து பிறந்த கிரியோல் மொழி. மர்ராவைச் சரளமாகப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஊர் மொழி மையமும், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜேனட் வைல்ஸ் நடத்திய குழுவும் சேர்ந்து கொண்டுவந்ததுதான் ‘ஓப்பி’ ரோபோ. மரச்சட்டம், கண்களைக் காட்டும் ஒரு திரை, பிள்ளைகள் தொட்டு விளையாட இன்னொரு திரை. அதிலுள்ள கதைகளும் ஞாபக விளையாட்டுகளும் அந்தந்த மொழி பேசுகிறவர்களின் குரலிலேயே பதிவானவை.

போனைக் கையில் கொடுத்தால் ஒரு பிள்ளை மூலையில் போய் உட்கார்ந்துவிடும். நடுக்கூடத்தில் நிற்கும் பொம்மையைச் சுற்றி நாலு பிள்ளைகள் கூடுவார்கள். ஒன்று தொடும், இன்னொன்று முந்திக்கொண்டு பதில் சொல்லும். மொழிக்கு அந்தக் கூட்டமும் சத்தமும் வேண்டும். அப்புறம், மரச்சட்டம் என்றால் ஊர்க்காரர்களே திருகாணி கழற்றிப் பழுது பார்க்கலாம். நகரத்திலிருந்து ஆள் வர வாரக்கணக்கில் ஆகும் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

அக்கா, ஏஐ வைத்துக் குரலை உருவாக்கிவிட்டால் பதிவு செய்கிற வேலை மிச்சம்தானே? (கோவை, பொறியியல் மாணவர்)

வேண்டாம் தம்பி. ஏஐ குரலுக்கு ஏராளமான பதிவுகள் தேவை. இந்த மொழிகளுக்கு இல்லாததே அதுதான். குறைந்த பதிவை வைத்துச் செய்தால் உச்சரிப்பு பிசகும். தமிழில் பிசகினால் திருத்த கோடிக்கணக்கான பேர் இருக்கிறோம். ஐந்தாறு பேர் மட்டும் பேசும் மொழியில், பிள்ளை ரோபோவிடம் கேட்டதுதான் சரி என்று வளர்ந்துவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஓஜிப்வே பழங்குடிப் பெண் டேனியல் போயர் இதில் தெளிவாக இருக்கிறார். 2019-ல் ‘தி ஸ்டீம் கனெக்‌ஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர். அவருடைய ‘ஸ்கோபாட்’ என்ற சின்ன ரோபோ பிள்ளையின் தோளில் உட்கார்ந்து, அவர் மக்களின் மொழியான அனிஷினாபேமோவினில் பேசும். பிள்ளை சொன்னது எந்தச் சொல் என்று கண்டுபிடிக்க மட்டும் மென்பொருள். பதிலாக வருவது மனிதர்கள் பேசிப் பதிவான குரல். ஏஐக்கு நான் கொடுக்கும் இடமும் அவ்வளவுதான்: காதாக இருக்கட்டும், வாயாக வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கும்? நாங்களே செய்ய முடியுமா? (மதுரை, அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்)

தாராளமாக. எளிய வடிவத்துக்கு ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டு, ஆள் அசைவை உணரும் பிஐஆர் சென்சார், டிஎஃப்பிளேயர் மினி என்ற எம்பி3 மாட்யூல், மெமரி கார்டு, சின்ன ஸ்பீக்கர், சில பொத்தான்கள். பொத்தான்களுக்குப் பக்கத்தில் படம் ஒட்டிவிடுங்கள். உடம்புக்கு அட்டைப்பெட்டியோ மூங்கிலோ போதும். போயரே 20 டாலருக்குள் செய்துவிடக்கூடிய ஒரு ரோபோ கிட்டைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்து வருகிறார். விலை ஒரு தடையாக இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த மாட்யூல் கோப்புகளைப் பெயர் வரிசையில் எடுக்காமல், கார்டில் எந்த வரிசையில் காப்பி செய்தீர்களோ அந்த வரிசையில் எடுக்கும். யானைப் படத்தை அழுத்தினால் ‘தண்ணீர்’ என்று சொல்லும். ‘எம்பி3’ என்ற ஃபோல்டருக்குள் 0001, 0002 என்று பெயரிட்டு, அந்த எண்ணைச் சொல்லி அழைக்கும்படி நிரல் எழுதினால் சரியாகிவிடும். ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால், மாட்யூலுக்குக் கட்டளை போகும் ஆர்எக்ஸ் கம்பியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

பதிவைப் பேசுகிறவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஒவ்வொரு சொல்லையும் தனியாக இரண்டு தடவை, பிறகு ஒரு வாக்கியத்தில் வைத்து ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். மூலப் பதிவைச் சுருக்காத ‘வேவ்’ கோப்பாகப் பத்திரப்படுத்துங்கள். ரோபோவுக்குப் போவது அதன் எம்பி3 நகல். ரோபோ சில வருடத்தில் உடையும், பதிவு இருக்க வேண்டும்.

அந்தப் பதிவுகள் யாருக்குச் சொந்தம்? (சென்னை, வழக்கறிஞர்)

பேசிய மக்களுக்கு. இதை எழுத்தில் முடிவு செய்யாமல் மைக்கை எடுக்கவே கூடாது என்பேன்.

நியூசிலாந்தில் ‘தே ஹிகு மீடியா’ என்ற மாவோரி பழங்குடி மக்களின் வானொலி அமைப்பு 2018-ல் மக்களைத் தங்கள் மொழியில் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னது. 10 நாளில் 300 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்தது. அதை வைத்துப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைத் தாங்களே உருவாக்கினார்கள். தரவை வெளியாருக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. மாவோரி மக்களுக்குப் பயன்படும் வேலைக்கு மட்டும் என்று தனி உரிமமே எழுதி வைத்திருக்கிறார்கள். நிலத்தை இழந்த மக்கள் குரலையும் இழக்கக் கூடாது என்ற அந்த உறுதி எனக்கு மிகவும் பிடித்தது. சடங்குப் பாட்டு, புனிதக் கதை போன்றவற்றை ரோபோவில் வைக்கலாமா என்பதைப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

தமிழும் ஆங்கிலமும் படித்தால் பிழைத்துக்கொள்வார்களே, இதெல்லாம் தேவையா? (பெயர் குறிப்பிடவில்லை)

பெரும்பாலான இடங்களில் இந்த மொழிகள் தாமாக மறையவில்லை. அமெரிக்காவில் 1879-ல் தொடங்கிய கார்லைல் உறைவிடப் பள்ளியில் பழங்குடிப் பிள்ளைகளின் தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசத் தடை போட்டார்கள். பறித்ததைத் திருப்பிக் கேட்கிறவர்களிடம் தேவையா என்று கேட்க நமக்கு வாய் வரக் கூடாது. இரண்டு மொழியோடு மூன்றாவதாகத் தன் மொழியும் தெரிந்த பிள்ளை எதிலும் பின்தங்கிவிடாது.

ரோபோவிடம் கேட்டே பிள்ளைகள் பேசிவிடுவார்களா? (திருச்சி, ஒரு தாய்)

இல்லைங்க. மாவோரி மொழிக்கு உயிர் கொடுத்தது 1982-ல் தொடங்கிய ‘கோஹங்கா ரேயோ’ மழலையர் கூடங்கள். தாத்தா பாட்டிகள் நாள் முழுக்க அந்த மொழியிலேயே பேசிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடங்கள். ரோபோ அதற்குத் துணை, மாற்று கிடையாது.

கோத்தகிரி பக்கம் வேலை பார்க்கிறேன். வகுப்பில் இருளர், குறும்பர் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதில் தொடங்கட்டும்? (தொடக்கப் பள்ளி ஆசிரியை)

டீச்சர், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ரோபோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போய் அவர்களுக்கு விருப்பமா என்று கேளுங்கள். சம்மதித்தால், உறவுமுறை, சாப்பாடு, உடம்பு, ‘வா, போ, உட்கார்’ என்று அன்றாடச் சொற்களாக ஒரு இருபது எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். பேத்தி கேட்டால் பாட்டி இயல்பாகப் பேசுவார்.

தமிழ் எழுத்தில் எழுதிவைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இருளர் பேச்சில் தமிழ் எழுத்தில் அடங்காத உயிரொலிகள் உண்டு. தோடர் மொழியில் நாக்கு அதிரும் ரகர ஒலிகளே மூன்று இடங்களில் பிறக்கின்றன. குரல்தான் முதல் ஆவணம். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் பத்தாயிரம் பேருக்கும் குறைவாகப் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டத்தை 2013-ல் தொடங்கியது. அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு உச்சரிப்பு வந்தால் எது சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொண்டு, எந்த ஊர் வழக்கு என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.