ஃபிளாஷருக்குப் பின்னால் எத்தனை அங்குலம்? சால்மன் தூண்டில் கேள்வி-பதில்

ஜூலை பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, ஃபிளாஷருக்குப் பின்னால் கட்டும் நரம்புத் துண்டான லீடரைப் பற்றியே இருக்கும். ஃபிளாஷருக்கும் முள்ளுக்கும் நடுவே எவ்வளவு நரம்பு விடுவது, எந்தத் தடிமனில் கட்டுவது, ஏன் பக்கத்துப் படகில் மட்டும் மீன் ஏறுகிறது? கனடாவின் வான்கூவர் தீவைச் சுற்றியுள்ள கடலில், படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துச் சால்மன் பிடிக்கப் போகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இந்த வருடம்தான் முதல்முறையாகக் கடலுக்குப் போகிறேன். ஃபிளாஷரில் முள்ளே இல்லை. அப்புறம் அதை எதற்காகக் கட்டுகிறோம்?

ஃபிளாஷர் என்பது ஏறக்குறைய 11 அங்குல நீளமுள்ள பிளாஸ்டிக் பட்டை. இரண்டு முனையும் லேசாக வளைந்திருக்கும். படகு சரியான வேகத்தில் போனால் அது தண்ணீருக்குள் முழு வட்டமாகச் சுற்றும். அந்த மினுக்கமும் அதிர்வும் தூரத்தில் இருக்கும் மீனைத் திரும்பிப் பார்க்க வைக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த வேலை.

இரண்டாவது வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஃபிளாஷரின் வால் தனக்குப் பின்னால் இருக்கும் நரம்பை வெடுக்கென்று வெட்டி இழுக்கிறது. அந்த இழுப்பு கடைசியில் கட்டியிருக்கும் இரைக்குப் போய்ச் சேருவதும் சேராததும் லீடரின் கையில் இருக்கிறது. டாட்ஜர் என்று இன்னொரு தகடு உண்டு. அது சுற்றாது, பக்கவாட்டில் ஆடும், மெதுவாக இழுப்பதற்கானது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், பார்த்து வாங்குங்கள்.

ஹூச்சிக்கு 6 அடி லீடர் கட்டி மூன்று நாள் இழுத்தேன். ஒரு கடிகூட இல்லை. நிறத்தை மாற்றட்டுமா?

நிறத்தை விடுங்கள், நரம்பை வெட்டுங்கள். ஹூச்சி என்பது கணவாய் மாதிரி செய்த பிளாஸ்டிக் பாவாடை. அதற்குச் சொந்தமாக அசைவு கிடையாது. நேராக இழுத்தால் நேராக வரும், அவ்வளவுதான். அதற்கு உயிர் கொடுப்பது ஃபிளாஷரின் வெட்டு மட்டுமே. 6 அடி நைலான் அந்த வெட்டை வழியிலேயே விழுங்கிவிடும்.

நான் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு இதுதான்: தானாக ஆடாத இரைக்குக் குட்டையான, விறைப்பான லீடர். தானாக ஆடும் இரைக்கு நீளமான, கொஞ்சம் மெல்லிய லீடர்.

ஹூச்சி முதல் வகை. கோஹோ, சினூக் இரண்டும் சால்மன் இனங்கள். கோஹோவுக்கு 28 முதல் 34 அங்குலத்தில் தொடங்குவேன். கோஹோவுக்குத் துள்ளி ஓடும் இரை பிடிக்கும். சினூக்குக்கு 36 முதல் 42. அது கொஞ்சம் நிதானமாக வரும் இரையைத் தேடும் மீன். நரம்பு 40 அல்லது 50 பவுண்டு இழுப்பைத் தாங்குவது. மீனின் பலத்துக்காக மட்டும் இவ்வளவு தடிமன் வைப்பதில்லை. விறைப்பான நரம்பு ஃபிளாஷரின் அசைவைச் சிந்தாமல் கடத்தும்.

ஸ்பூன், அதாவது கரண்டி மாதிரி வளைந்த உலோக இரை, இரண்டாவது வகை. அதன் வளைவே அதை ஆட்டிவிடும். குட்டை லீடரில் கட்டினால் ஃபிளாஷர் அதன் ஆட்டத்தைக் கெடுத்துவிடும். 5 முதல் 6 அடி விட்டு, 30 பவுண்டு நரம்பில் கட்டுங்கள். டீசர் ஹெட்டில் (இரை மீனின் தலையைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் மூடி) பொருத்திய நெத்திலியும் ஹெர்ரிங் மீனும் இதே வகைதான். அவை தாமாகவே சுருளாகச் சுழல வேண்டும், ஆகவே 5 அடிக்குக் குறையாமல் விடுங்கள்.

இவை எல்லாம் தொடக்க அளவுகள். ஒரு தடவை தீவின் மேற்குக் கரையில் உள்ள யூக்ளூலெட் ஊருக்கு வெளியே கடலில் ஹூச்சியைக் கோஹோ துரத்தி வந்து திரும்பிக்கொண்டே இருந்தது. லீடரிலிருந்து 4 அங்குலத்தை வெட்டி எறிந்த பிறகு அதே ஹூச்சியைக் கவ்வியது. மீன் துரத்துகிறது, கவ்வவில்லை என்றால் இரையை மாற்றுவதற்கு முன்னால் அளவை மாற்றிப் பாருங்கள்.

எங்கிருந்து எதுவரை அளப்பது?

ஃபிளாஷரின் கடைசி ஸ்விவலிலிருந்து (நரம்பு முறுக்காமல் இருக்கச் சுழலும் இணைப்பு) முன் முள் வரை. வேறு மாதிரி அளப்பவர்களும் உண்டு. எப்படி அளந்தாலும் எப்போதும் அப்படியே அளந்தால் சரி. கட்டிய லீடரைப் பையில் போட்டு, மேலே அங்குலத்தை எழுதி வைத்துவிடுங்கள்.

ஹூச்சிக்குள் மணி கோப்பது அழகுக்கா? முள் ஒன்றா, இரண்டா?

அழகுக்கு இல்லை. ஹூச்சியின் தலைக்கும் முள்ளுக்கும் நடுவே இருக்கும் மணிகள்தான் முள் எவ்வளவு கீழே தொங்கும் என்பதை முடிவு செய்கின்றன. மணி போதாவிட்டால் முள் பாவாடைக்குள் ஒளிந்துகொள்ளும். மீன் வால் நுனியைக் கடித்துவிட்டுப் போய்விடும். முள்ளின் வளைவு பாவாடையின் நுனியோடு ஒட்டி வரும்வரை மணி கோத்துக்கொண்டே போங்கள். ஹூச்சியின் அளவைப் பொறுத்து நாலைந்து மணி பிடிக்கும்.

நான் பெரும்பாலும் ஒற்றை முள்தான் கட்டுகிறேன். விட வேண்டிய மீனுக்குக் காயம் குறையும், அவிழ்ப்பதும் சுலபம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடல் பகுதியில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத முள்தான் சட்டம். எதிர்முள் இருந்தால் குறடால் நன்றாக நசுக்குங்கள். பருத்தித் துணியில் குத்தி இழுத்தால் மாட்டாமல் வர வேண்டும்.

தீவின் அல்பர்னி இன்லெட் என்ற கடற்கழியில் சாக்கை பிடிக்கப் போகிறோம். சினூக்குக்கு வைத்திருக்கும் அதே கட்டு போதுமா?

போதாது. சாக்கையும் சால்மன்தான், ஆனால் வேறு சாதி. வாழ்நாளில் பெரும்பகுதி கூனிப்பொடி மாதிரியான மிதவை உயிர்களைத் தின்று வளரும் மீன் அது. பெரிய ஸ்பூனைத் துரத்திக்கொண்டு வராது. சின்ன இளஞ்சிவப்பு ஹூச்சி போதும். சிலர் வெறும் சிவப்பு முள்ளிலேயே பிடிக்கிறார்கள். லீடர் 20 முதல் 26 அங்குலம். வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள், 2 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) கீழே போனாலும் பரவாயில்லை.

சாக்கை கூட்டமாகப் போகும் மீன் என்பதால் தண்ணீருக்குள் மினுக்கம் அதிகமாக இருந்தால் நல்லது. டவுன்ரிகர் என்பது தூண்டிலை ஆழத்தில் நிறுத்த, கம்பியில் கனமான குண்டை இறக்கும் கருவி. அந்தக் கம்பியில் முள் இல்லாத வெறும் ஃபிளாஷர்களைக் கட்டி இறக்குவது இதற்காகத்தான். அவற்றைக் குண்டுக்குப் பக்கத்தில் கட்டி, தூண்டிலை அவற்றுக்கு நடுவே ஓட விடுங்கள். கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் நேராகவே போங்கள், சுற்றிச் சுற்றித் திருப்பாதீர்கள்.

படகின் வேகம் சரியா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? ஜிபிஎஸ் 2.5 நாட் என்று காட்டுகிறது.

ஜிபிஎஸ் சொல்வது தரையைப் பொறுத்த வேகம். ஃபிளாஷருக்கு வேண்டியது தண்ணீரைப் பொறுத்த வேகம். நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போதும் அதோடு சேர்ந்து போகும்போதும் அதே 2.5 வெவ்வேறு பொருள் தரும். ஹுவான் டி ஃபூகா நீரிணை மாதிரி ஓட்டம் பலமான இடத்தில் இந்த எண்ணை மட்டும் நம்பினால் நாள் வீணாகும்.

தூண்டில் தடியின் நுனியைப் பாருங்கள். ஃபிளாஷர் ஒழுங்காகச் சுற்றினால் நுனி நாடித்துடிப்பு மாதிரி ஒரே தாளத்தில் அசையும். துடிப்பு விட்டுவிட்டு வந்தால் வேகம் போதவில்லை, அல்லது குப்பையோ சிறு மீனோ மாட்டியிருக்கிறது. கீழே இறக்குவதற்கு முன்னால் படகின் ஓரத்திலேயே இழுத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

இன்னொன்று. படகைத் திருப்பும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகும், உள்பக்கத் தூண்டில் மெதுவாகும். திருப்பத்தில் வெளிப்பக்கத்தில் கடித்தால், மீன் கூடுதல் வேகம் கேட்கிறது. உள்பக்கத்தில் கடித்தால், குறைக்கச் சொல்கிறது.

டவுன்ரிகர் கம்பியில் நரம்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கும் ஃபிளாஷருக்கும் இடையில் எத்தனை அடி?

ஆழத்தில் 15 முதல் 20 அடி. மேல்மட்டத்தில் கோஹோ தேடும்போது 30 அடிக்கு மேலும் விடலாம், படகின் சத்தத்திலிருந்து தள்ளி இருக்கட்டும்.

என் லீடர் ஒரு மணி நேரத்தில் முறுக்கிச் சுருண்டுவிடுகிறது.

ஸ்விவல் செத்துவிட்டது. உப்பு உள்ளே ஏறி இறுகியிருக்கும். பால் பேரிங் ஸ்விவலாகப் பார்த்து மாற்றுங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஃபிளாஷர்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிய லீடரை நீவி நேராக்கித் திரும்பக் கட்ட வேண்டாம், அதன் பலம் போயிருக்கும்.

6 அடி லீடரில் பெரிய சினூக். ஃபிளாஷர் தடி நுனிக்கு வந்து முட்டியது, மீன் வலைக்கு எட்டவில்லை, தப்பிவிட்டது.

மனசு கனத்துத்தான் போகும். ஃபிளாஷர் நுனி வளையத்துக்குள் நுழையாது, ஆகவே மீன் எப்போதும் லீடரின் தூரத்தில்தான் நிற்கும். நுனியை ஃபிளாஷர் தொடும் வரை சுற்றாதீர்கள், ஓரிரு அடி மிச்சம் வையுங்கள். தடியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு படகுக்குள் பின்னால் நடங்கள். வலை பிடிப்பவர் வலையைத் தண்ணீரில் தயாராக வைத்திருக்கட்டும். மீனின் தலை வலையை நோக்கி வரும்போது மட்டும் தூக்க வேண்டும். நீளமான தடி வேண்டும் என்று இங்கே எல்லோரும் பத்தரை அடித் தடி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தனியாகப் போகிறவர்கள் லீடரை 5 அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சின்ன மீனும், விட வேண்டிய கோஹோவும் அடிக்கடி மாட்டுகின்றன. எப்படி விடுவது?

இந்தக் கேள்வி வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்பகுதியில் பல இடங்களில், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட, குஞ்சுப் பண்ணையில் வளர்ந்த கோஹோவைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அந்தத் துடுப்பு இருந்தால் அதைக் காட்டு மீனாகவே எடுத்துக்கொண்டு விட வேண்டும். அளவும் விதியும் இடத்துக்கு இடம் வேறு, பருவத்தின் நடுவிலும் மாறும். கிளம்பும் காலையில் மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

விடப்போகும் மீனை வலையில் அள்ளாதீர்கள், படகுக்குள் தூக்காதீர்கள். செதில் உதிர்ந்தால் பிழைப்பது கஷ்டம். ஃபிளாஷரைக் கையில் பிடித்துக்கொண்டு, லீடர் வழியாக மீனைப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். கொக்கி வடிவக் கம்பியை லீடரில் மாட்டி முள்வரை சறுக்க விட்டு, கம்பியை மேலேயும் லீடரைக் கீழேயும் இழுத்தால் முள் கவிழும். மீன் தன் எடையிலேயே கழன்று போய்விடும், கை படவே வேண்டாம்.

மீன் போன பிறகு லீடரின் கடைசி ஓரடியை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பல் பட்டிருக்கிறது, வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். தடவைக்கு இரண்டு அங்குலம் வெட்டினாலும் மூன்று தடவையில் 40 அங்குலம் 34 ஆகியிருக்கும், ஆகவே திரும்ப இறக்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.